ஆச்சு என்று சொல்லும் வரை

ஜனவரி 9

அன்புள்ள நாத்தனாருக்கு, உன் அண்ணி எழுதுவது. நான் சுகம். நீயும் மகளும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன்.

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. கோழி கிளறியதில்லை, நான்தான். ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவள். அதனால் அதுவரைக்கும் எனக்கு மற்றவர்களைவிட அழுத்தமாகவே தெரியும்.

மூன்று வருடமாக நீயும் உன் அண்ணனும் பேசுவதில்லை. அது அண்ணன் தங்கை விவகாரம். என்னிடமும் உனக்குக் கோபம் என்று இதுவரை யாரும் எனக்குத் தகவல் சொல்லவில்லை. அதனால் உரிமையோடு கேட்கிறேன். உங்கள் அம்மா செய்த இனிப்பு ரொட்டியை எப்படிச் செய்வது?

சிரித்து முடித்துவிட்டாயா? சரி. இந்த வீட்டில் முப்பது வருடமாக அடுப்பு உன் அண்ணனுடையது. பஸ் ஓட்டிவிட்டு வந்து அவர் சமைப்பார், நான் சலவை நிலையத்தில் ஹோட்டல் போர்வைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து சாப்பிடுவேன். இப்போது அவர் அடுப்படிக்கு லீவு போட்டிருக்கிறார். வேலைக்கும் லீவு. ஜன்னலிலிருந்து கதவு வரைக்கும் பதினொரு அடி, நாள் பூராவும் அதில் நடக்கிறார். டிரைவர் இல்லையா, திருப்பத்தில் மட்டும் நிதானம். போன வாரம் தெருவில் எங்கிருந்தோ ஒரு வாசனை வந்தது. நின்றார். "அம்மா ரொட்டி மாதிரி இருக்கு" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவராக வாய் திறந்து பேசியது அதுதான். நான் விடுவேனா?

போனில் கேட்டிருக்கலாம். இரண்டு அறை வீடு, அவருக்குப் பாம்புக் காது. கடிதம் சத்தம் போடாது. பதிலைச் சலவை நிலைய முகவரிக்குப் போடு.

இப்படிக்கு, உப்பு எது சர்க்கரை எது என்று நக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் உன் அண்ணி.


ஜனவரி 25

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்டது: மைதா அரைக் கிலோ. ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன். சர்க்கரை நூறு கிராம். வெண்ணெய் ஐம்பது கிராம். முட்டை ஒன்று. உப்பு அரை டீஸ்பூன். பால் ஒரு டம்ளர், விரல் வைத்தால் இதமான சூடு மட்டும். பாலில் ஈஸ்ட்டையும் ஒரு ஸ்பூன் சர்க்கரையையும் போட்டு, நுரைத்ததும் மற்றதைச் சேர்த்து, பதினைந்து நிமிடம் பிசைய வேண்டும். கடிகாரம் பார்த்துப் பிசையுங்கள், பதினைந்து என்றால் பதினைந்து. துணி போட்டு மூடி வையுங்கள். போதுமான அளவு எழுந்ததும் உருட்டி வைத்து, அம்மா செய்தது போலப் பழைய குக்கரில் உப்பு பரப்பி, மூடியின் ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, சின்னத் தீயில் நாற்பது நிமிடம்.

பள்ளிச் சீருடை தைக்கும் வேலையை இந்த வருடத்தோடு நிறுத்துகிறேன். மகளுக்கு வெளிநாட்டில் வேலை. பேரனைப் பார்த்துக்கொள்ள என்னையும் அழைத்துப் போகிறாள். ஜூன் 12 பயணம். திரும்பி வர ஐந்து வருடமாகும் என்கிறாள், பத்தும் ஆகலாம். இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன், வேறு யாருக்கும் சொல்ல வேண்டும் என்றில்லை.

அன்புடன், நாத்தனார்.


பிப்ரவரி 8

நூல் பிடித்தது போல் எழுதும் என் நாத்தனாருக்கு, நான் நலம், குக்கர்தான் நலமில்லை.

முதல் ரொட்டி: பால் கொதித்துவிட்டது. "கொஞ்சம் ஆறட்டும்" என்று யார் காத்திருப்பது? ஈஸ்ட்டைப் போட்டேன். அதற்குப் பிறகு மாவு அசையவே இல்லை. இருந்தாலும் சுட்டேன். எங்கள் சலவை நிலையத்தில் 'விசில்' என்று ஒரு மேற்பார்வையாளர் உண்டு. எதற்கெடுத்தாலும் விசிலடிப்பவர். அவருடைய அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க இப்போது அந்த ரொட்டிதான் முட்டுக்கொடுத்திருக்கிறது.

இரண்டாவது: பால் சரி. பதினைந்து நிமிடம் கடிகாரம் பார்த்துப் பிசைந்தேன். தோள்பட்டை இன்னும் உன்னைத் திட்டுகிறது. ஆனால் உள்ளே பச்சை மாவு, ஈரக்களிமண் மாதிரி. உன் அண்ணனுக்கு ஒரு துண்டு வைத்தேன். முகர்ந்தார். கடித்தார். "இது எழும்பல" என்று சொல்லிவிட்டு டம்ளரைத் தேடித் தட்டிவிட்டார். இந்த வாரம் நாலாவது டம்ளர். டம்ளர்தான் வழியில் நின்றது என்று நான் டம்ளரைத் திட்டினேன்.

நீ ஊருக்குப் போகும் செய்தியை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கேட்டதிலிருந்து எனக்குத்தான் நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. போகிறதுக்கு முன்னால் ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன். என் ரொட்டியால் உயிருக்கு ஆபத்து வராது.

இன்னொன்று. அரை ஸ்பூன் உப்புக்குக்கூடக் கணக்கு எழுதியவள், மாவு எழும்ப எவ்வளவு நேரம் என்று எழுதாமல் விட்டுவிட்டாய். ஒரு மணியா, ரெண்டா? சீக்கிரம் எழுது, மூன்றாவது மாவு வாங்கிவிட்டேன்.

உன் அண்ணி.


மார்ச் 3

அண்ணிக்கு,

நலம். பேரனுக்குச் சளி, இப்போது தேவலை. அதனால் தாமதம்.

மாவு எழும் வரை வைக்க வேண்டும். பார்த்தால் தெரியும்.

வரச் சொல்லியிருக்கிறீர்கள். அம்மா இருபத்திரண்டு நாள் படுக்கையில் இருந்தாள். நான் அப்போது மகளுடைய பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருந்தேன். தினமும் போன் செய்தேன். தினமும் அண்ணன் "அம்மா தூங்குறா" என்றார். இருபத்திரண்டு நாளும் தூங்கினாள் என்று நான் நம்பினேன். இருபத்துமூன்றாம் நாள் வந்தபோது கட்டில் மட்டும் இருந்தது. நான் கோபக்காரி இல்லை அண்ணி. ஆனால் அந்த வாசலில் என்னால் மறுபடி கால் வைக்க முடியவில்லை.

ஒன்று கேட்கிறேன். அண்ணன் அடுப்பை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. காய்ச்சலிலும் சமைத்தவர். இப்போது ஏன் சமைப்பதில்லை?

நாத்தனார்.


மார்ச் 10

என் அருமை நாத்தனாருக்கு, எல்லோரும் நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதிவிட்டேன், நம்பு.

பார்த்தால் தெரியும் என்றாய். நானும் பார்த்தேன். மாவும் என்னைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சரி, சூடு போதவில்லை என்று நினைத்தேன். எங்கள் நிலையத்தில் உலர்த்தும் அறை இருக்கிறது. போர்வை அரை மணியில் காயும் சூடு. மாவைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டு மூடி, காலையில் வேலைக்குப் போகும்போது எடுத்துப் போய், தலையணை உறை அடுக்கிய தட்டில் வைத்துவிட்டேன். மதியம் எடுக்கலாம் என்று. அன்றைக்கென்று பார்த்து ஹோட்டல்காரர்கள் அவசர வேலை கொடுத்தார்கள், மறந்தே போனேன். திடீரென்று விசில் அடிக்கிறார், விடாமல். ஓடிப் போய்ப் பார்த்தால் தூக்கின் மூடி தரையில். மாவு பாத்திரத்தை விட்டு எழுந்து வந்து நாற்பது தலையணை உறையின் மேல் படுத்திருக்கிறது. உறை அடுக்குக்குள் யாரோ மாட்டிக்கொண்டதாக நினைத்து அவர் தொட்டுப் பார்த்திருக்கிறார். விரல் உள்ளே போய்விட்டது. மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"என்னம்மா இது?"

"ரொட்டிங்க."

"இது உயிரோட இருக்கும்மா."

நாற்பதையும் என் கையால் மறுபடி துவைத்தேன். இஸ்திரிப் பெண்கள் சிரித்த சிரிப்பில் அன்றைக்குப் பாதி வேலை நடக்கவில்லை. சாயங்காலம் உன் அண்ணனிடம் சொன்னேன். அவரும் சிரித்தார், சத்தமாக. அப்புறம் கடைக்குப் போகிறேன் என்று எழுந்து, ஒரு காலில் அவர் செருப்பு, ஒரு காலில் என் செருப்பு, அப்படியே வாசல் வரைக்கும் போனார். புது மோஸ்தர் என்று சொல்லித் திருப்பிக் கூட்டிவந்தேன்.

அவர் ஏன் சமைப்பதில்லை என்று கேட்டாய். என் சமையலைச் சாப்பிட்டாவது பழைய பாவமெல்லாம் தீரட்டும் என்றுதான்.

நேரம் எழுது தாயே. மணியாகச் சொல், நிமிடமாகச் சொல்.

உன் அண்ணி.


மார்ச் 29

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மகளுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தோம். விசில் ஐயாவுக்கு என் அனுதாபம்.

நேரம் எனக்குத் தெரியாது. இதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் இரண்டு கடிதத்தில் சுற்றி வளைத்தேன். எங்கள் வீடு சில்லென்று இருக்கும். அம்மா மாவைப் பிசைந்து, கிண்ணத்தைப் போர்வையில் சுற்றி அண்ணன் மடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். பிசையக் கற்றுக்கொண்ட பிறகு நானும் அப்படித்தான் செய்தேன். வைத்துவிட்டுத் தெருவுக்கு விளையாட ஓடிவிடுவேன். ஒரு கட்டத்தில் அண்ணன் ஜன்னலிலிருந்து "ஆச்சு" என்று கத்துவார். ஓடி வருவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு நானாகச் செய்து பார்த்தேன், ஒரு மணி, ஒன்றரை மணி, ஊரில் எல்லோரும் சொல்லும் கணக்கெல்லாம் வைத்து. ஒரு நாளும் அம்மா ரொட்டி வரவில்லை. ஊருக்கு வந்தால் மட்டும் வரும், அண்ணன் பார்த்துச் சொல்வதால். என் கையில் இருப்பது பாதிதான் அண்ணி. மீதியை அங்கேயே கேளுங்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். டம்ளர் நாலு. செருப்பு மாறிப் போகிறது. வேலைக்கு லீவு, அடுப்புக்கு லீவு. நான் ஊசியில் நூல் கோத்துப் பிழைத்தவள், பார்க்காமல் விடமாட்டேன். என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள். வேடிக்கை வேண்டாம்.

நாத்தனார்.


மே 6

அண்ணிக்கு,

ஐந்து வாரமாகிறது. தபால்காரர் இந்தத் தெருவில் நுழையும் நேரம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. தைக்கும்போது அளவு தப்புகிறது, முப்பது வருடத்தில் தப்பாதது. நீங்கள் எல்லோரும் நலம் என்று எழுதினால்கூட இனி நம்பமாட்டேன். எழுதாமல் இருப்பது அதைவிட மோசம்.

பயணத்துக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது.

நாத்தனார்.


மே 11

நாத்தனாருக்கு, நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

உன் அண்ணன் தன் கையில் அடிக்கச் சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "அவளுக்கு மட்டும் தெரியக்கூடாது" என்று. எத்தனையோ தடவை எழுதிக் கிழித்தேன். கிழித்ததெல்லாம் அடுப்பெரிக்கத்தான் உதவியது. இனி சத்தியமாவது ஒன்றாவது.

ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் புகைக்குள் பார்ப்பது போலத்தான் தெரிகிறது. நரம்பு என்கிறார் டாக்டர், திரும்ப வராது. போன செப்டம்பரில் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார். பயணிகள் கத்தியிருக்கிறார்கள். "முன்னாடி ரோடு இல்லீங்க" என்றாராம். அதோடு வேலை முடிந்தது. மிச்சக் கண்ணும் மழைக்காலம் வரைக்கும் தாங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நீ போய்விட்டு என்றைக்கு வருவாயோ, அன்றைக்கு அவர் உன் குரலைத்தான் பார்ப்பார்.

இதை எப்படி எழுதுவது என்றுதான் ஐந்து வாரம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு மாவு பிசைந்து மூடி வைத்துவிட்டு, உன் மார்ச் கடிதத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். நீ போர்வை, கிண்ணம், ஜன்னல் என்று எழுதிய இடத்தை மட்டும். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் விடிந்துவிடும். இருந்தும் நடுவில் எழுந்து நடக்கவில்லை. படித்து முடித்ததும் நீ வெளிநாடு போவதையும் சொல்லிவிட்டேன்.

பதினொரு அடியை எட்டு தடவை நடந்தார். அப்புறம் சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிக்குள் வந்தார். செப்டம்பருக்குப் பிறகு அன்றைக்குத்தான் வருகிறார். கையைக் கழுவினார். "அந்தக் கிண்ணத்தக் குடு." போர்வையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, துணிக்குள் விரலை விட்டார்.

"எவ்வளவு நேரங்க?"

"நேரம் இல்ல. அழுத்தினா உடனே எகிறக்கூடாது. அப்படியே அமுங்கியும் போகக்கூடாது. யோசிச்சு யோசிச்சுத் திரும்பி வரணும்."

"உங்க தங்கச்சி மாதிரின்னு சொல்லுங்க."

நான் பூனை மாதிரி உள்ளேயும் வெளியேயும் போய் வந்தேன். அவர் அசையவில்லை. அந்த மனிதர் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் பார்த்து எத்தனை மாதமாகிறது தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு, விரலை வைப்பதும் எடுப்பதும். கண் வேண்டியிருக்கவே இல்லை, பார்த்துக்கொள்.

திடீரென்று "ஆச்சு" என்றார். தெருவில் இருக்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி. நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். கூப்பிட்டுவிட்டு வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரொட்டி வந்தது. அம்மா ரொட்டி. அவர் ஒரு துண்டுதான் தின்றார்.

உன் அண்ணி.


மே 17

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

அம்மாவை மறைத்தார். இப்போது கண்ணை மறைத்தார். செப்டம்பரிலிருந்து எட்டு மாதம். நீங்களும் சேர்ந்து மறைத்தீர்கள், சிரிக்க வைத்துக்கொண்டே மறைத்தீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்து நாங்கள் சிரித்த அன்றைக்கும் அவருக்குக் கண் தெரியவில்லை. செருப்பு மாறியதற்கு நான் சிரித்தேன் அண்ணி. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தையல் மெஷினைக் கொடுத்துவிட்டேன். பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. எதை வைத்தாலும் எடுத்து வேறு இடத்தில் வைக்கிறேன்.

இனி நீங்கள் எழுத வேண்டாம். எழுத வேண்டியவர் எழுதட்டும்.

நாத்தனார்.


மே 24

வாண்டு,

அண்ணன் எழுதுகிறேன். வரி மேலே மேலே ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். பேனா எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. அண்ணி எழுதித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

நான் செய்தது தப்பு. உன் மகளுக்குப் பிரசவ நேரம், அலையவிடக்கூடாது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது காரணம் இல்லை. அம்மா எழுந்துவிடுவாள் என்று இருந்தேன். உன்னிடம் சொல்லிவிட்டால் நீ அழுவாய், நீ அழுதால் அது நிஜமாகிவிடும். அதனால் தூங்குறா என்றேன். கண்ணும் அப்படித்தான். உனக்குத் தெரியாத வரைக்கும் அது சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அறுபது வயதை நெருங்குகிறவனுக்கு இப்படி ஒரு புத்தி.

இனி மறைக்க எதுவும் இல்லை. காலையில் ஜன்னல் பக்கம், வெளிச்சத்தில், ஒரு முழ தூரத்தில் யாராவது உட்கார்ந்தால் முகம் தெரிகிறது. கலங்கலாக, ஆனால் யார் என்று தெரிகிறது. இன்னும் மூன்று நாலு மாதம்.

எனக்குப் பிசைய வராது. பார்க்க மட்டும்தான் தெரியும்.

அண்ணன்.

நாத்தனாரே, எழுத வேண்டாம் என்றாய், அதனால் இது கடிதமில்லை, உறைக்குள் தவறி விழுந்த அண்ணி. இதை எழுத அவருக்கு இரண்டு நாள், ஏழு தாள். மேஜையிலும் நாலு வரி எழுதியிருக்கிறார், அதைத் தபாலில் அனுப்ப முடியவில்லை. செருப்புக்கு நீ சிரித்ததில் தப்பில்லை. அன்றைக்கு வாசலில் அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நான் இந்த வீட்டில் எப்படி நிற்பேன், சொல்.


மே 30

அண்ணிக்கு,

நலம். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு அங்கே இருப்பேன். ஐந்து நாள் தங்குவேன். மைதா, வெண்ணெய், ஈஸ்ட் எல்லாம் அளந்து கொண்டு வருகிறேன். போர்வை மட்டும் உங்கள் சலவை நிலையத்திலிருந்து நல்லதாக ஒன்று பாருங்கள்.

பிசைவது நான். கிண்ணம் அண்ணன் மடியில். நீங்கள் தயவுசெய்து அடுப்படிப் பக்கமே வர வேண்டாம், வெந்நீர்கூட வைக்க வேண்டாம். அந்த உலர்த்தும் அறையையும் நாற்பது உறையையும் ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும், விசில் ஐயாவுக்கு ஒரு ரொட்டி கொடுக்க வேண்டும், இந்தத் தடவை தின்பதற்கு.

அண்ணனிடம் சொல்லுங்கள், தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்த வேண்டாம் என்று. மாவு எழும் வரை நான் எங்கேயும் ஓடமாட்டேன். ஜன்னல் பக்கம், வெளிச்சத்தில், ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருப்பேன்.

வாண்டு.